தோளுக்குள் போட்ட தையல்

என் கணவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து குளியலறைக்கும், மறுபடி கட்டிலுக்கும் தினமும் தூக்கித் தூக்கி என் வலது தோள் கிழிந்துபோனது. டாக்டர் அப்படித்தான் சொன்னார், கிழிந்துவிட்டது என்று. புடவைக்கும் சாக்குப் பைக்கும் சொல்கிற வார்த்தையை என் உடம்பைப் பற்றிச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

நாங்கள் இருவரும் அடுகோடியில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். பெரிய கம்பெனிகளுக்கு இரும்பு உதிரி பாகங்கள் செய்துகொடுக்கும் பட்டறை. அவர் உள்ளே மில்லிங் மெஷினில் நிற்பார். நான் முன்னறையில் பில் போட்டுக்கொண்டிருப்பேன். டீ நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டே என் மேசைப் பக்கம் வந்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு நிமிஷம் நிற்பார். அந்த ஒரு நிமிஷம் பல வருஷம் நீண்டு, இருவருக்கும் முப்பது தாண்டிய பிறகு கல்யாணமாயிற்று. பொம்மனஹள்ளியில் வீடு பிடித்தோம். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஊரில் பேசினார்கள், நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

ஒரு காலையில் மெஷினுக்குப் பக்கத்திலேயே அவர் சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் பிழைத்தது. வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. முழுதாகப் போகவில்லை. 'ஆமா', 'வேணாம்', 'விடு', அப்புறம் 'போடி'. இந்த நாலும் மட்டும் நாக்கில் தங்கிவிட்டன. அவற்றிலும் ஆமாவும் வேணாமும் அடிக்கடி இடம் மாறிக்கொள்ளும். டீ வேண்டுமா என்றால் ஆமா என்பார், கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மனசில் நினைப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று. தப்பாக வந்துவிட்டது என்று அவருக்கே தெரியும், தெரிந்ததும் கண் கலங்கும். 'போடி' மட்டும் எப்போதும் சரியாக வரும். சந்தோஷமானாலும் போடி, எரிச்சலானாலும் போடி. குரலை வைத்து நான் புரிந்துகொள்வேன்.

மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு அதே தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்கு வந்தோம். தூக்கும் முறையை ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவருடைய முழங்காலை என் முழங்காலால் முட்டுக்கொடுத்து, இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, அதைப் பிடித்து என் பக்கம் சாய்த்து எழுப்ப வேண்டும். சரியாகச் செய்தால் முதுகுக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் பெரிய உடம்புக்காரர். நின்றதும் பயம் வந்துவிடும். பயத்தில் நல்ல கையால் என் வலது தோளைப் பிடித்துத் தொங்குவார். இரும்பைத் தூக்கிப் பழகிய பிடி அது.

முதலில் வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போயிற்று. பிறகு தலை பின்ன முடியவில்லை. பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடிக்க முடியாமல் இடது கையால் பிடித்துக்கொண்டு போனேன். தைலம் தேய்த்தேன், மாத்திரை போட்டேன். ஒரு நாள் சமையலறைப் பலகையிலிருந்து குக்கரை எடுக்கக் கையைத் தூக்கியபோது, கை பாதியில் நின்று, என்னைக் கேட்காமல் கீழே விழுந்தது. குக்கரும் விழுந்தது. உள்ளே இருந்து அவர், "விடு, விடு" என்று சத்தம் போட்டார். என்ன ஆயிற்று என்று கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கன்னடக்காரர், ஆனால் நோயாளிகளிடம் பேசிப் பேசித் தமிழ் நன்றாக வந்திருந்தது. ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, தோளின் பந்தைச் சுற்றிச் சட்டைக் கையின் பட்டி மாதிரி நாலு தசைநார்கள் இருக்கின்றன, அதில் மேலே இருப்பது கிழிந்திருக்கிறது என்று காட்டினார். முழுக்க அறுந்துவிடவில்லை, பாதிக்கு மேல் போயிருக்கிறது, மீதி நூல் நூலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முழுசாக அறுந்ததைவிடப் பாதி கிழிந்ததுதான் சிலருக்கு அதிகமாக வலிக்கும் என்றார்.

உடனே கத்தி வைக்கவில்லை. ஊசி போட்டார், பிசியோதெரபிக்கு அனுப்பினார். சாயங்காலம் அங்கே போய் ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் அவரைத் தூக்குவேன். ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் தோளுக்கு ஓய்வு கொடுத்தீர்களா என்று கேட்பார். நான் சிரித்து வைப்பேன். ஒரு முறை அவர் சிரிக்கவில்லை. மீதியும் அறுந்துவிட்டால் தைப்பது கஷ்டம், இப்போதே தைத்துவிடுவது நல்லது என்றார். தைத்த பிறகு ஆறு வாரம் கையைத் தொங்கல் பட்டையில் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் பல மாதம் எதையும் தூக்கக் கூடாது. "ஒரு தண்ணிக் குடம்கூடக் கூடாதும்மா" என்றார். என் வீட்டில் இருப்பது தண்ணீர்க் குடம் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

வாணியம்பாடியிலிருந்து என் நாத்தனார், அவருடைய தங்கை, வந்தாள். கணவனை இழந்தவள். அவளுடைய மகள் அப்போது கர்ப்பமாக இருந்தாள். பிரசவத்துக்குள் போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் ரயிலிலிருந்து இறங்கினாள். எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் இருந்ததில்லை. தன் அண்ணன் இவ்வளவு தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டதற்கு நான் காரணம் என்று அவளுக்கு ஒரு எண்ணம். ஆனால் வந்த அன்றே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரைத் தூக்கப் பழகிக்கொண்டாள். என்னைவிட உயரம், என்னைவிடப் பலம்.

ஆபரேஷன் அன்று கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊசி போட்டார்கள். கையின் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசி. சிறிது நேரம் கழித்து மயக்க டாக்டர் அம்மா குனிந்து, "கை எத்தக்காகுத்தாம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார், கையைத் தூக்க முடிகிறதா என்று. தூக்கப் பார்த்தேன். கை எழவில்லை. எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி மேசையில் கிடந்தது. அதன் பிறகு முழு மயக்கம் கொடுத்துவிட்டார்கள்.

கண் விழித்தபோது வலது கை ஒரு சிறிய மெத்தையின் மேல், வயிற்றுக்கு முன்னால் கட்டப்பட்டிருந்தது. டாக்டர் வந்து, தோளில் சிறு துளைகள் போட்டு, உள்ளே கேமராவை விட்டுப் பார்த்ததில், ஸ்கேனில் தெரிந்ததைவிட மோசமாக இருந்தது என்றார். பிடித்துக்கொண்டிருந்த மீதி நார்களையும் விடுவித்து, எலும்பில் திருகாணி மாதிரி சின்ன நங்கூரங்களை இறக்கி, அவற்றிலிருந்து வரும் நூலால் தசைநாரை இழுத்து எலும்போடு தைத்திருக்கிறார்களாம். தையல் நன்றாக நின்றிருக்கிறது என்று சொன்னபோது அவருடைய முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

அன்று முழுவதும் கை மரத்தே இருந்தது. இடது கையால் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். தடியாக, வெதுவெதுப்பாக, யாரோ ஒருவரின் விரல்கள். மடக்கினால் மடங்கின, விட்டால் விழுந்தன. அவருடைய வலது கையை எத்தனையோ தடவை நான் அப்படி மடக்கி நீட்டிவிட்டிருக்கிறேன், எண்ணெய் தடவியிருக்கிறேன், நகம் வெட்டியிருக்கிறேன். அந்தக் கை அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்படித்தான் தெரிந்திருக்கிறது. எனக்கு மறுநாள் காலையில் அது திரும்பி வந்துவிட்டது. வலியோடு வந்தது. நெருப்பை வைத்துத் தைத்த மாதிரி வலி. அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் தொங்கல் பட்டையைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். மெதுவாக இடது கையை நீட்டி, பட்டைக்கு வெளியே தெரிந்த என் விரல் நுனியைக் கிள்ளினார். கொஞ்சம் பலமாகவே கிள்ளினார். எனக்கு உணர்வு இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று.

"தெரியுதுங்க" என்றேன்.

"போடி" என்றார். அவருடைய முகம் தெளிந்தது.

அந்த வாரங்களில் இரண்டு பேரும் இடது கையால் சாப்பிட்டோம். ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, சட்டையிலும் நைட்டியிலும் சாம்பாரைச் சிந்திக்கொண்டு. நாத்தனார் ஒரு மதியம் எங்களைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ல சோத்துக் கை எனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கு" என்றாள். அவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகும் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்ததில் தோள் வலித்தது.

பட்டையைக் கழற்றியதும் பயிற்சிகள் தொடங்கின. மேசையைப் பிடித்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு, கடிகார ஊசல் போல ஆட்ட வேண்டும். கையைத் தானாகத் தூக்கக் கூடாது, இன்னொரு கையால் தாங்கித்தான் தூக்க வேண்டும். தசைநார் எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் கெட்டிப்படவில்லை, இந்தச் சமயத்தில்தான் நோயாளிகள் குணமாகிவிட்டது என்று நினைத்து ஏமாந்துபோகிறார்கள் என்று பிசியோதெரபி செய்யும் பெண் எச்சரித்தாள். நான் ஏமாறவில்லை. குடத்தைத் தொடவில்லை, துணி பிழியவில்லை. கதவைக்கூட இடது கையால் திறந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மக்கில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் துவட்டுகிற துண்டோடு வாசலில் நின்றேன். சோப்புத் தண்ணீரில் நாற்காலியின் ஒரு கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்தது, அவரும் அதோடு சாய்ந்தார். தலைக்கு நேராகத் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் விளிம்பு. நாத்தனார் அந்தப் பக்கம் மக்கோடு குனிந்திருந்தாள்.

நான் எதுவும் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று சொன்னால் பொய். என் வலது கை அவருடைய அக்குளுக்குள் போயிருந்தது. முழு எடையும் அதில் இறங்கியது. தோளுக்குள்ளே ரவிக்கையின் தையலைப் பிரிக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒன்று, சத்தமா உணர்வா என்று தெரியாத ஒன்று, சரசரவென்று ஓடியது.

"விடு" என்றார் அவர். "விடு, விடு, விடு."

அப்போது அவர் அந்த வார்த்தையைச் சரியான அர்த்தத்தில்தான் சொன்னார். எனக்குத் தெரியும். கண் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் விடவில்லை. நாத்தனார் மறுபக்கம் வந்து தாங்கிக்கொண்டபோது நாங்கள் மூன்று பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. துண்டை எடுத்து அவர் தோளில் போடப் பார்த்தேன். கை இடுப்புக்கு மேல் வரவில்லை.

மறுபடி ஸ்கேன். டாக்டர் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். நங்கூரங்கள் எலும்பிலேயே இருக்கின்றன, நூலும் அறவில்லை, தசைநார்தான் நூலிலிருந்து கிழித்துக்கொண்டு வந்துவிட்டது என்றார். வெண்ணெயில் போட்ட தையலை இழுத்தால் எப்படி வருமோ அப்படி. இப்போது பாதி இல்லை, முழுவதும். என் மேல் அவருக்குக் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. மறுபடி தைக்கப் பார்க்கலாம், முதல் முறை மாதிரி நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "தெச்சு அனுப்பினா, வீட்ல போயி மறுபடி அதே வேலைதானே செய்வீங்க?"

செய்வேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்று வீட்டில் எனக்கும் நாத்தனாருக்கும் பேச்சு முற்றியது. நாற்காலியைச் சுவரோரம் போட்டிருக்கலாமே என்று நான் தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"கீழ விட்டிருக்கலாம் அண்ணி. எங்கண்ணன்தான், நான்தான் சொல்றேன். விட்டிருக்கலாம். உங்களுக்கும் கை போயிட்டா அவரை யார் பாக்கறது?"

நான் அவளை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அந்த மாதம் அவளுடைய மகளுக்கு வலி எடுத்துவிட்டது, ஊருக்குப் போனாள். போகும்போது அண்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். என்னிடம், சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஏஜென்சியிலிருந்து ஆள் வைத்துப் பார்த்தோம். வருகிறவர்கள் யாரும் நிலைக்கவில்லை. ஒருவர் வருவார், பழகுவார், இன்னும் நல்ல இடம் கிடைத்ததும் போய்விடுவார். அடுத்தவர் வரும்வரை நான்தான். அப்போதுதான் அவர் அதைத் தொடங்கினார். நான் தூக்கப் போனால் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். விரல்களைப் பிரித்தால் மறுபடி பிடிப்பார். ஈரத்தில் கிடந்தாலும் சரி, பசித்தாலும் சரி, என்னைத் தூக்கவிட மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து கை கொடுக்கும்வரை அப்படியே கிடப்பார். கெஞ்சினேன், திட்டினேன். ஒரு சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். அவர் கம்பியை விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போடி என்றுகூடச் சொல்லவில்லை.

முடியாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே போனால் இருக்கிறது என்று பட்டறையில் பழைய கூட்டாளி ஒருவர் சொன்னார். நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வரிசையாகக் கட்டில்கள், பினாயில் வாடை, சுவரில் ஒரு டிவி. இரண்டு ஆண்கள் சேர்ந்து, போர்வையோடு ஒரு மனிதரை லேசாக நாற்காலிக்கு மாற்றினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவரிடம் கேட்க வேண்டுமே. ஆமாவும் வேணாமும் இடம் மாறும் வாயிடம் இதை எப்படிக் கேட்பது? முதலில் நேராகக் கேட்டேன். "அங்க போறீங்களா?"

"ஆமா" என்றார்.

நம்பாமல் திருப்பிக் கேட்டேன். "இங்கயே இருக்கீங்களா?"

"வேணாம்."

கட்டைவிரலை மேலே காட்டினால் சரி, கீழே காட்டினால் இல்லை என்று எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. அப்படியும் கேட்டேன். மேலே காட்டினார். பேச்சை மாற்றி, காபி வேண்டுமா, டிவி போடட்டுமா, இன்று வெள்ளிக்கிழமையா என்று இடையில் வேறு கேள்விகளைப் போட்டுவிட்டு, எதிர்பாராத நேரத்தில் மறுபடி கேட்டேன். மற்றவற்றில் எல்லாம் எப்போதும் போல் தடுமாறினார். இன்று வெள்ளிக்கிழமையா என்பதற்கு விடு என்றார். இந்த ஒன்றில் மட்டும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மறுநாளும் தப்பவில்லை. அவர் ஒரு முறையாவது தப்பிவிட மாட்டாரா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவருக்கே அலுத்துப்போய், வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு கட்டைவிரலை மேலே தூக்கியபடியே வைத்திருந்தார்.

இப்போது அங்கேதான் இருக்கிறார். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். வேளைக்குச் சாப்பாடு, தினமும் குளியல், படுக்கைப் புண் இல்லை. உடம்பு இளைத்துவிட்டது. தூக்குகிறவர்களுக்கு அதுவும் வசதிதான். முதல் மாதங்களில் நான் போனதும் கையைப் பிடித்துக்கொள்வார். இப்போது சில சமயம் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே நேரமாகிறது.

என் கை மார்பு உயரத்துக்கு வருகிறது, அதற்கு மேல் வராது. பட்டறையில் கம்ப்யூட்டரில் பில் போட அது போதும். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன். குளிர் காலத்தில் தோளுக்குள் அந்த நங்கூரங்கள் இருக்கும் இடம் தனியாக வலிக்கிற மாதிரி இருக்கிறது. அப்படி வலிக்க வாய்ப்பில்லை என்கிறார் டாக்டர்.

போன மாதம் டாக்டரிடம் போயிருந்தேன். கையைத் தூக்கிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். வீட்டு நிலைமையைக் கேட்டார், சொன்னேன். இல்லம், கட்டில், எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே ஏதோ எழுதியவர் நிமிர்ந்தார்.

"அப்போ இப்ப செஞ்சுடலாமேம்மா. இப்ப உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லையே."

நல்ல மனிதர். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். மருத்துவமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. தூக்க வேண்டியவர் வீட்டில் இல்லை, ஆறு வாரம் என்ன, ஆறு மாதம்கூடக் கையை அசைக்காமல் வைத்திருக்கலாம். இந்த முறை தையல் நின்றுவிடக்கூடும். கையைக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறி இல்லத்துக்கு அவ்வளவு தூரம் போக முடியாதே என்றேன். ஆட்டோவில் போகலாமே, இல்லாவிட்டால் கொஞ்ச நாள் போகாமல் இருந்துவிட்டுப் பிறகு போகலாமே என்றார். போகலாம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் போலவே பலர் ஒதுங்கி நின்றிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண், யாரையோ உட்காரவைத்த சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ வருகிறதா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. மழை கொஞ்சம் விட்டதும் நான் இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.